எர்ணாவூர் வெள்ளத்தில் நனைந்த நாலரை அடி லேத்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது, வடசென்னையின் எர்ணாவூரில் ஒரு கடைசல் பட்டறைக்குள் மூன்றடிக்கு வெள்ளம் ஏறியது. அந்த வட்டாரத்துக்கு வந்தது வெறும் மழைநீர் இல்லை, கறுப்பு எண்ணெய் கலந்த தண்ணீர். வடிந்த பிறகும் சுவர்களில் அதன் கோடு நின்றது. படகு இன்ஜின்களுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்துப் பிழைத்த பட்டறைக்காரர் 2024 பிப்ரவரியில் கடையை மூடினார். உள்ளே இருந்த லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தை, பழைய இரும்பு எடைக்குப் போடப் பேசி வைத்திருந்தார். அதே விலைக்கு நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த லேத் கொருக்குப்பேட்டையில் என் வீட்டுக் கீழ்த்தள அறையில் மறுபடி கடையத் தொடங்க எட்டு மாதம் ஆனது. துரு எடுத்ததையும் பெயிண்ட் அடித்ததையும் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன். நான் சிக்கிக்கொண்ட இடம் வேறு. லேத் கோணலாகக் கடைந்தது, கம்பியின் ஒரு முனை மறுமுனையைவிடத் தடித்தது. அதற்கு நான் கண்ட காரணம் தப்பு. அந்தத் தப்பை நம்பி, எல்லாப் பாகத்தையும் தாங்கும் அடிப்பாகமான பெட்டையே கிரைண்டிங்குக்கு அனுப்ப இருந்தேன்.

வந்த நிலை

பெட் நீளம் நாலரை அடி, சென்டர் உயரம் (பெட்டிலிருந்து சுழலும் மையம் வரை) ஆறரை அங்குலம், அதாவது 165 மி.மீ. மூன்று படி கோன் புல்லி, பேக் கியர், ஆக மொத்தம் ஆறு வேகம். மரை வெட்டும்போது டூலை (வெட்டும் உளியை) இழுத்துச் செல்லும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நாலு மரை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் மிச்சம். பழைய ஆங்கில லேத்தைப் பார்த்துப் பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என் நைனா டர்னர், லேத்தில் கடைபவர். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோன பட்டறையில் இதே சாயலில் மூன்று லேத் வரிசையாக நின்றன. இதை வாங்கியதற்கு அந்த ஞாபகமும் ஒரு காரணம்.

எடை ஏறத்தாழ அரை டன். செயின் புல்லி போட்டுத் தூக்கி, குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்தோம். தூக்கும்போது பெல்ட்டை லீட் ஸ்க்ரூவில் மாட்டக்கூடாது. அது வளைந்தால் பிறகு எந்த மரையும் ஒழுங்காக வராது. பெட்டின் அடியில் கட்டை கொடுத்து, டூலைச் சுமந்து பெட் மேல் ஓடும் கேரேஜை நகர்த்தி எடையைச் சமன் பார்த்துத்தான் தூக்கினோம்.

தண்ணீர்க் கோடு பெட்டின் அடிவரை இருந்தது. லீட் ஸ்க்ரூ, கேரேஜின் முன்னால் தொங்கும் ஏப்ரன், பின்காலில் இருந்த மோட்டார் மூன்றும் மூழ்கியிருந்தன. வேலையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் தண்ணீர் தொடவில்லை. அவிழ்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தண்ணீருக்குள் கிடந்த லீட் ஸ்க்ரூவைவிட, வெள்ளம் தொடாத டெயில்ஸ்டாக் (வேலையின் மறுமுனையைத் தாங்குவது) குழல்தான் மோசமாகத் துருப்பிடித்திருந்தது. வடியும்போது கறுப்பு எண்ணெய் கீழே இருந்ததையெல்லாம் பூசிவிட்டுப் போயிருக்கிறது. மேலே இருந்தவை இரண்டு மாதம் எண்ணெய் காணாமல் எண்ணூரின் உப்புக் காற்றில் நின்றன. வீடுகளுக்குள்ளும் படகுகள் மேலும் அந்த எண்ணெய் செய்த கேட்டை எர்ணாவூரில் பார்த்தவன் என்பதால் இதை நல்லது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

துரு, மோட்டார்

சின்ன பாகங்களுக்கு மின்முறையில் துரு எடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் டிரம், லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் மைனஸில், ஒரு பழைய இரும்புத் தகடு பிளஸ்ஸில். பிளஸ் பக்கம் எவர்சில்வர் தட்டை மாட்டாதீர்கள். அதில் இருக்கும் குரோமியம் நச்சாகிக் கரைசலில் இறங்கும். குமிழாக வருவது ஹைட்ரஜன், அதனால் வாசற்கதவைத் திறந்துவைத்துத்தான் செய்ய வேண்டும். ஸ்பிரிங்குகளை இதில் போடக்கூடாது, எஃகு ஹைட்ரஜனைக் குடித்து நொறுங்கிவிடும். வெளியே எடுத்த வார்ப்பிரும்பு நம் ஊர்க் காற்றில் சில நிமிஷத்திலேயே மஞ்சள் பூத்துவிடுகிறது. வெந்நீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் துடைத்து எண்ணெய் தடவினேன்.

பெட்டில் உப்புத்தாள் போடவில்லை. அதன் மணல் வார்ப்பிரும்பில் புதைந்துகொண்டு பிறகு கேரேஜை அராவிக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட், ஒரு பித்தளைத் தகடு, பிசிறு இருந்த இடத்தில் மட்டும் எண்ணெய்க்கல். பத்து நாள் ஆனது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் ரிமூவர் பூசி வழித்தேன். மேலே சாம்பல் நிறம் அடித்தேன், அவ்வளவுதான்.

மோட்டார் 1 எச்.பி., மூன்று ஃபேஸ், 415 வோல்ட். வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ். புது மோட்டார் வாங்காமல், இதையே ரீவைண்டிங் செய்யும்போது உள்ளே ஸ்டாராக, அதாவது ஒரே புள்ளியில், முடிந்திருந்த கம்பிகளைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுக்கச் சொன்னேன். அதை டெல்டாவாக, அதாவது முக்கோணமாக, இணைத்தால் 240 வோல்ட்டில் ஓடும். அப்போது ஒற்றை ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி. டிரைவ் ஒன்று போதும்.

டிரைவ் வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி பழைய லேத்தில், கடைய வேண்டியதைப் பிடிக்கும் சக், ஸ்பிண்டில் மூக்கில் மரையால் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினாலும், ரிவர்ஸில் உதறி எடுத்தாலும், சக் தானே கழன்று வரும். அது கையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. நிற்கும் நேரத்தை நாலு நொடிக்கு மேல் வைத்திருக்கிறேன். ரிவர்ஸில் ஆழமாக வெட்டுவதே இல்லை. லுங்கியோடும் முழுக்கைச் சட்டையோடும் அறைக்குள் யாரையும் விடுவதில்லை.

ஸ்பிண்டில்

ஸ்பிண்டில் இரண்டு கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷில், அதாவது தாங்கும் வளையத்தில், ஓடுகிறது. புஷ் இரண்டாகப் பிளந்தது, மேல் மூடிக்கு அடியில் இருபுறமும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள். அசைவை அளக்கும் டயலை ஸ்பிண்டில் மூக்கின் தலையில் வைத்து, மரக்கட்டையால் நெம்பிப் பார்த்தால் 0.08 மி.மீ. எழும்பியது. இந்த ஆட்டத்தோடு வெட்டினால் வேலை முழுக்க அதிர்வுக் கோடு விழும்.

இரண்டு பக்கமும் 0.07 ஷிம் எடுத்தேன். அதிகம். உச்ச வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டியபோது முன் புஷ் மேல் கை வைக்க முடியவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, புஷ்ஷில் மினுமினுத்த உரசல் இடங்களை ஸ்கிரேப்பரால் லேசாக எடுத்தேன். இருபுறமும் 0.02 ஷிம் திருப்பி வைத்தபோது எழுச்சி 0.03க்கு வந்தது. எண்ணெய்க் கிண்ணங்களின் திரியும் காய்ந்து கட்டையாகி இருந்தது. கம்பளி நூலில் புதுத் திரி போட்டேன், எண்ணெய் 68ஆம் கிரேட். இப்போது ஒரு மணி நேரம் ஓடினாலும் கை தாங்கும் சூட்டில் நிற்கிறது.

கோணல்

இனிதான் விஷயம். லேத்தை நாலு ஆங்கர் போல்ட்டில் தரையோடு இறுக்கினேன். ஸ்பேனருக்குப் பைப் போட்டு, ஆடவே கூடாது என்று இறுக்கினேன். பிறகு சோதனை வெட்டு.

சோதனை எளிது. 40 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டி, நடுவைக் குறைத்துக் கடைந்து, இரண்டு முனையிலும் 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையம் மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், ஒரே நிலையில், இரண்டு வளையத்தையும் மெல்லிசாக வெட்டி மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். நேரான லேத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கும்.

என் லேத்தில் டெயில்ஸ்டாக் பக்க வளையம் 0.05 மி.மீ. தடிமனாக இருந்தது. கம்பி வளைந்து விலகியிருக்குமோ என்று, டூலை நகர்த்தாமல் இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். மாறவில்லை. இந்தத் தடிமன் கம்பி அவ்வளவு மெல்லிய வெட்டுக்கு வளைந்தாலும் ஓரிரு மைக்ரானுக்கு மேல் போகாது.

பெட்டைத் தடவினால் சக்குக்கு அருகே முன் தடத்தில் விரல்நகம் தட்டும் ஒரு படி இருக்கிறது. கேரேஜ் பல வருஷம் அங்கேயே ஓடி ஓடித் தேய்ந்த இடம். அது கண்ணுக்குத் தெரிந்தது, கோணலும் அளவில் தெரிந்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். பெட் தேய்ந்ததால் கோணல், ஆகவே பெட்டை கிரைண்டிங் செய்ய வேண்டும். அம்பத்தூரில் ஓரிடத்தில் விலையும் கேட்டு வந்தேன். லேத் வாங்கிய பணத்தைவிட அதிகம். அதற்குப் பிறகு ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக், ஏப்ரன், லீட் ஸ்க்ரூ தாங்கிகள் எல்லாவற்றின் உயரத்தையும் மறுபடி ஒத்துக்கொண்டுவர வேண்டும். இருந்தும் போட்டு விடுவது என்றே தீர்மானித்திருந்தேன்.

பக்கத்துத் தெருவில் நைனாவின் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்க்கட்டும் என்று அழைத்தேன். வந்தவர் லேத்தைத் தொடக்கூட இல்லை.

"எந்தப் பக்கம்பா தடியா கீது?"

"டெயில்ஸ்டாக் பக்கம், பெரியப்பா. பாயிண்ட் ஜீரோ அஞ்சு."

"தேஞ்சது எந்தப் பக்கம்?"

"சக்குப் பக்கம்."

"தேஞ்ச எடத்துல டூலு இன்னா பண்ணும், முன்னால போவுமா, பின்வாங்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. முன் தடம் தேய்ந்தால் கேரேஜின் முன்பக்கம் இறங்கும். டூல் அதற்கு மேலே உயரத்தில் இருப்பதால் நம்மை நோக்கிச் சாயும், அதாவது வேலையை விட்டு விலகும். விலகினால் அந்த இடம் குறைவாக வெட்டப்பட்டுத் தடிமனாக நிற்கும். ஆகவே பெட் தேய்மானம் குற்றவாளி என்றால் சக்குப் பக்கம்தான் தடிக்க வேண்டும். என் கம்பி தடித்தது எதிர்ப் பக்கம். அளவை எழுதி வைத்திருந்த நான் அதன் திசையைப் பார்க்கவே இல்லை.

"பெட்டு மேல ஏன்பா பழி போடுற? மொதல்ல அத்த ஒழுங்கா நிக்க வை. நிக்காத மிசினுக்கு வைத்தியம் பாக்காத" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துக் கிளம்பினார்.

லெவல் சொன்னது

200 மி.மீ. நீளமுள்ள, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் ஒன்றை இரவல் வாங்கினேன். கேரேஜ் உரசாத, டெயில்ஸ்டாக் மட்டும் போகும் உள் தடங்களின் மேல் சமன் கட்டைகள் வைத்து, பெட்டுக்குக் குறுக்கே லெவலைப் போட்டேன். ஹெட்ஸ்டாக் பக்கம் குமிழியை நடுவில் கொண்டுவந்தேன். அதே லெவலை டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோனால் குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, அளவே படிக்க முடியவில்லை. லெவலின் முன் முனைக்கு அடியில் தடிமன் குறித்த ஃபீலர் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன். 0.25 மி.மீ. வைத்தபோது குமிழி நடுவுக்கு வந்தது.

200க்கு 0.25 என்றால் ஆயிரத்துக்கு 1.25. பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, டெயில்ஸ்டாக் முனை நின்று வேலை செய்பவன் பக்கம் சாய்ந்திருக்கிறது. சென்டர் உயரம் 165 என்பதால் அந்த உயரத்தில் டூல் 0.206 மி.மீ. வெளியே தள்ளப்படும். கால்களுக்கிடையே நீளம் ஒரு மீட்டர். என் சோதனைக் கம்பி 150 மி.மீ. ஆகவே அந்த நீளத்தில் டூல் விலகுவது 0.031, விட்டத்தில் அதன் இரட்டிப்பு, 0.062. நான் அளந்தது 0.05. மிச்சம் 0.012 எங்கே போனது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பெட் முறுக்கியதற்குக் காரணம் என் கைதான். எங்கள் தெரு கால்வாய்க்குப் பக்கம், கொட்டி நிரப்பிய மண். கீழ்த்தளத் தரை அந்த மண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்க முன்கால் ஒரு பள்ளத்துக்கு மேல் இருந்தது. பைப் போட்டு இறுக்கியதில் நான் அந்தக் காலைப் பள்ளத்துக்குள் இழுத்து, அதோடு பெட்டையும் முறுக்கியிருக்கிறேன். கால்கள் குறுக்கே 400 மி.மீ. அகலம், கணக்குப்படி அந்தக் காலில் 0.50 மி.மீ. இடைவெளி வர வேண்டும். நட்டைத் தளர்த்தினேன். கால் தானாக எழும்பியது. 0.45 ஃபீலர் உள்ளே போனது, 0.50 போகவில்லை. அரை டன் வார்ப்பிரும்பு ஒரு ஸ்பேனருக்கு முறுக்கிக்கொள்ளும் என்பதை அதுவரை நான் நம்பியதில்லை.

ஆங்கர் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் 12 மி.மீ. தகடு, அதன் மேல் ஒரு எம்16 ஜாக் போல்ட் வைத்தேன். லெவல் இரண்டு முனையிலும் ஒன்றைச் சொல்லும்வரை திருகி, செக் நட்டை விரல் இறுக்கத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் இறுக்கினேன். ஒரு இரவு அப்படியே விட்டு மறுநாள் மறுபடி பார்த்தேன்.

பிறகு அதே கம்பி, அதே வளையங்கள். இப்போது வித்தியாசம் 0.012. தடித்திருந்தது சக்குப் பக்கம். அன்று கணக்கில் காணாமல்போன 0.012 இதுதான். பெட்டின் உண்மையான தேய்மானம் ஆரம்பத்திலிருந்தே எதிர்த் திசையில் இழுத்து, முறுக்கின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருந்தது. கிரைண்டிங் செய்து அதை நீக்கியிருந்தால் கோணல் 0.05லிருந்து 0.062 ஆகக் கூடியிருக்கும். அவ்வளவு பணம் கொடுத்து லேத்தை இன்னும் மோசமாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன்.

மீதமுள்ள 0.012ஐ அப்படியே விட்டிருக்கிறேன். கொஞ்சம் வேண்டுமென்றே பெட்டை முறுக்கி அதைச் சரிக்கட்டலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேய்மானம் சக்குக்கு அருகே மட்டும் இருக்கிறது, முறுக்கு நீளம் முழுக்கப் பரவும். 150 மி.மீ. வேலைக்குச் சரியாகும், 500 மி.மீ. வேலைக்குப் புதுக் கோணல் வரும்.

மீதி வேலைகள்

கிராஸ் ஸ்லைடு திருகில் 30 கோடு விளையாட்டு, அதாவது திசை மாற்றும்போது வெறுமனே சுற்றும் ஆட்டம், இருக்கிறது. அங்குலத்துக்குப் பத்து மரை, சுற்றுக்கு நூறு கோடு, ஆகவே முக்கால் மில்லிமீட்டர். நட் மாற்ற வேண்டும். அதுவரை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து திருகி வந்து அளவைத் தொடுகிறேன்.

மரை வெட்டுவதில் இன்னொரு சிக்கல். லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு, காசிமேட்டுப் படகுக்காரர்கள் கேட்பதோ பெரும்பாலும் மெட்ரிக். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் சரியான மெட்ரிக் மரைக்கு 127 பல் கியர் வேண்டும். என் செட்டில் அது இல்லை, அவ்வளவு பெரிய கியருக்கு மூடிக்குள் இடமும் இல்லை. 63 பல் கியர் ஒன்று வெட்டி வாங்கினேன். 1.5 மி.மீ. மரைக்கு ஓட்டும் பக்கம் 30, 63, ஓடும் பக்கம் 100, 80. வருவது 1.50019. 25 மி.மீ. நீளத்துக்குப் பிழை மூன்று மைக்ரான், எந்த நட்டுக்கும் அது தெரியாது. ஆனால் இப்படி வெட்டும்போது மரை முடியும்வரை, கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கக்கூடாது. திறந்தால் பழைய பள்ளத்தில் டூல் மறுபடி விழாது. ஒவ்வொரு வெட்டுக்கும் டூலைப் பின்னால் எடுத்து, மெதுவாக ரிவர்ஸில் திரும்பி வர வேண்டும்.

லேத் முதலில் கடைந்தது ஒரு கன்மெட்டல் புஷ். எர்ணாவூர்ப் பட்டறைக்காரரின் பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய படகுத் தண்ணீர்ப் பம்புக்கு. லேத் எங்கே போனது என்று விசாரித்துக்கொண்டு தேடி வந்தார்.

2024 அக்டோபர் மழைக்குப் பிறகு லெவலை எடுத்துக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். டெயில்ஸ்டாக் பக்கம் குமிழி பத்துக் கோடு பின்னால் போயிருந்தது, அதாவது முன்பக்கம் இறங்கியிருந்தது, மீட்டருக்கு 0.2 மி.மீ. ஈரம் இறங்கி மண் அமர்ந்திருக்கிறது. முன்கால் ஜாக் போல்ட்டைக் கொஞ்சம் ஏற்றி நடுவுக்குக் கொண்டுவந்தேன். தேதியையும் அளவையும் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பார்வை தை பிறந்ததும்.